ஓநாய்ப் பள்ளத்துத் தேவாலயமும் ஆட்டுப்பட்டித் தெருவும்

கொழும்புப் புறக்கோட்டையின் பிரதான வீதி வழியே கோட்டைக்கு முதுகு காட்டி நடந்து செல்வோர், கடைகளின் நெரிசல் சற்றே பிரிந்து வழிவிடும் ஓரிடத்தில், பழைய மணிக்கூடு ஒன்றைக் காண்பர். கேமன் கேற் என்பது அவ்விடத்தின் பெயர். ஒல்லாந்தர் மொழியில் கேமன் என்பது முதலையைக் குறிக்கும். பட்டினத்து மதிலை அடுத்திருந்த நீர்நிலையில் முதலைகள் கிடந்தமையால் அவ்வாயிலுக்கு அப்பெயர் வந்தது. அங்கிருந்து நிலம் மெல்ல உயர்கிறது. உயர்ந்து செல்லும் அந்நிலத்திலே ஏறிப்போகும் பழந்தெருவை ஆங்கிலத்தில் வுல்பெண்டால் வீதி என்பர். சிங்கள மக்கள் அதுருப்பு வீதி என்பர். தமிழ் மக்கள் ஆட்டுப்பட்டித் தெரு என்பர். மேட்டின் உச்சியில், நாற்புறமும் குறுகிய தெருக்கள் சூழ, தடித்த சுவர்களோடு நிற்பது வுல்பெண்டால் தேவாலயம். இலங்கையில் ஒல்லாந்தர் எழுப்பிய தேவாலயங்களுள் இன்றும் வழிபாடு நடைபெற்று வருவனவற்றில் தலையாயது இதுவே.

ஒரே தெருவுக்கு மூன்று பெயர்கள் வாய்த்த கதை சுவையானது. போத்துக்கேயர் கொழும்பை ஆண்ட காலத்தில், கோட்டை மதிலுக்கு வெளியே இம்மேட்டின்மீது, குவாதலூப்பே அன்னையின் பெயரால் ஒரு கோவில் அமைத்திருந்தனர். குவாதலூப்பே என்பது ஸ்பெயின் நாட்டின் மேற்குப் பகுதியிலுள்ள ஒரு மலையூர். அங்குள்ள அன்னையின் திருத்தலம் அக்காலக் கடலோடிகளிடையே பெரும் புகழ் பெற்றது. கொலம்பஸ் தம் இரண்டாம் பயணத்தில், 1493ஆம் ஆண்டில், கரிபியன் கடலிற் கண்ட ஒரு தீவுக்கு இப்பெயரையே இட்டான். அதே பெயர் கிழக்கே கொழும்புக்கும் வந்து சேர்ந்தது. வந்த இடத்தில் மக்கள் வாயில் அது ‘ஆகோ தெ லூப்பே’ என உருமாறி வழங்கிற்று.

1656ஆம் ஆண்டில் நெடிய முற்றுகையின் பின் கொழும்பு ஒல்லாந்தர் கைப்பட்டது. புதிதாக வந்தவர்கள் இப்பெயரைக் கேட்டனர். லோபோ என்பது போத்துக்கேய மொழியில் ஓநாய். ஓநாயோடு தொடர்புடைய ஏதோ ஒரு பள்ளம் என்று கருதித் தம் மொழியில் வுல்வெண்டால், அதாவது ஓநாய்ப் பள்ளம், என்று பெயர்த்துக்கொண்டனர். இலங்கையில் ஓநாய் கிடையாது; மதிலுக்கு வெளியே காடும் சதுப்பும் மண்டிக்கிடந்த அந்நாளில் இரவில் ஊளையிட்டவை நரிகளே. இடமோ பள்ளமன்று, மேடு. ஆகவே இப்பெயர் ஒல்லாந்தரின் அறியாமைக்குச் சான்று என்று எழுதுவோர் பலர்.

ஆயின் அத்தீர்ப்பு சற்று அவசரமானது. ஸ்பெயினை நெடுங்காலம் அராபியர் ஆண்டமையால் அந்நாட்டு ஆறுகளுக்கும் பள்ளத்தாக்குகளுக்கும் அரபுப் பெயர்கள் நிலைத்துள்ளன. ‘வாதி’ என்னும் அரபுச் சொல் ஆற்றையும் அது பாயும் பள்ளத்தையும் குறிக்கும். குவாதல்கிவீர் என்னும் பேராற்றின் பெயர் ‘வாதி அல் கபீர்’ என்பதன் திரிபு. அவ்வாறே குவாதலூப்பே என்பதும் ‘வாதி’ என்னும் அரபுச் சொல்லும் ஓநாயைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும் இணைந்ததென்று கொள்வாருளர். அக்கொள்கை பொருந்துமாயின், குவாதலூப்பே என்பதற்கு நேர்ப்பொருள் ஓநாய்ப் பள்ளமே. ஒல்லாந்தர் அறியாது செய்த மொழிபெயர்ப்பு அச்சொல்லின் அடிவேரைத் தொட்டுவிட்டது எனல் வேண்டும். புலமையால் எய்தாததைப் பிழை எய்திய இவ்வேடிக்கை மொழி வரலாற்றில் அரிதன்று.

சிங்கள மக்கள் பொருளைத் தேடவில்லை, ஓசையைப் பற்றிக்கொண்டனர். ‘ஆகோ தெ லூப்பே’ அவர்கள் நாவில் அதுருப்பு ஆயிற்று. போத்துக்கேயர் இட்ட பெயர் இன்றளவும் உயிரோடிருப்பது அவர்கள் வழக்கிலேதான். தமிழர் வழங்கும் ஆட்டுப்பட்டி என்பதும் அதே ஓசையின் வழிவந்து, தமக்குத் தெரிந்த ஒரு பொருளைத் தேடி அமைந்தது போலும். ஆடுகளை அடைக்கும் பட்டி ஒன்று அங்கே இருந்திருக்கவும் கூடும். எவ்வாறாயினும், ஒல்லாந்தர் ஓநாயைக் கண்ட இடத்தில் தமிழர் ஆட்டைக் கண்டனர்.

இனித் தேவாலயத்தின் வரலாற்றுக்கு வருவோம். ஒல்லாந்தர் கொழும்பைக் கைப்பற்றியதும், கோட்டைக்குள் போத்துக்கேயர் விட்டுச்சென்ற பிரான்சிஸ்கு சபையாரின் கோவிலையே தம் தேவாலயமாக்கிக் கொண்டனர். கோட்டை அரசனாகி ஞானஸ்நானம் பெற்றுத் தன் நாட்டையே போத்துக்கல் மன்னனுக்கு எழுதிக்கொடுத்த தொன் ஜுவான் தர்மபாலன் 1597ஆம் ஆண்டில் மறைந்தபோது அடக்கம் பெற்ற இடமும் அதுவே. எண்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒல்லாந்தர் அதிலே வழிபட்டனர். கட்டடம் பழுதுற்றது. 1736 முதல் 1740 வரை தேசாதிபதியாக இருந்த வான் இம்ஹோவ் அதனை இடித்துப் புதிதாகக் கட்ட விரும்பினார். பத்தாவியாவிலிருந்த கும்பனியின் மேலிடத்தார் இசையவில்லை. கறுவாவும் மிளகும் வாங்கி விற்க வந்த வணிகர்களுக்குத் தேவாலயச் செலவு கணக்கில் உறுத்தியிருக்கும். பின்னர் அதே வான் இம்ஹோவ் பத்தாவியாவில் மகாதேசாதிபதியாக அமர்ந்த பின்னரே காரியம் கைகூடிற்று. அப்பொழுது இலங்கையில் ஆட்சி செய்த ஸ்டைன் வான் கொலனஸ் என்னும் தேசாதிபதி கோட்டையை விட்டு வெளியே வந்து, வுல்பெண்டால் மேட்டைத் தேர்ந்தெடுத்தார். அவர் பெயரின் முதலெழுத்துக்களும் 1749 என்னும் ஆண்டும் தேவாலயத்தின் முகட்டுச் சுவரில் இன்றும் காணப்படுகின்றன.

வேலை முடிய எட்டு ஆண்டுகள் சென்றன. கொலனஸ் பதவி நீங்கினார்; அவர்பின் வந்த விரீலாந்து பதவியிலிருக்கும்போதே 1752இல் இறந்தார்; அடுத்து வந்த லோட்டன் காலத்தில் கட்டடம் நிறைவெய்திற்று. லோட்டன் அரசியலைவிட இயற்கை நூலிலே மனம் வைத்தவர். இலங்கையிற் பிறந்த தெ பெவரெ என்னும் ஓவியனைக் கொண்டு இந்நாட்டுப் பறவைகளையும் விலங்குகளையும் வரைவித்தவர். நம் முற்றங்களில் தேனருந்த வரும் நீண்ட அலகுத் தேன்சிட்டு ஒன்று இன்றும் அறிவியலில் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அவர் இலங்கையை விட்டுச் செல்வதற்குச் சில நாள்களே எஞ்சியிருக்கையில், 1757ஆம் ஆண்டு மார்ச் மாதம் 6ஆம் நாள், கொழும்புச் செமினரியின் அதிபராகிய விர்மல்ஸ்கிர்கர் என்னும் குருவானவர் தேவாலயத்தை வழிபாட்டுக்கு அர்ப்பணஞ் செய்தார்.

கட்டடத்தின் அமைப்பு கிரேக்கச் சிலுவை வடிவினது. அதாவது நான்கு கைகளும் ஒத்த நீளமுடையன. சுவர்கள் ஏறத்தாழ ஐந்தடிப் பருமனுள்ளவை. செம்பூரான் கல்லும் முருகைக் கல்லும் சுண்ணச் சாந்தும் கொண்டு எழுப்பப்பட்டவை. பீரங்கிக்கு அஞ்சிக் கட்டியது போன்ற இக்கனம், வெயிலுக்கு நல்ல காப்பாக அமைந்தது. ஆயிரம் பேர் அமரத்தக்க உட்பகுதியில் நண்பகலிலும் குளிர்ச்சி நிலவும். நடுக்கூரையின் உச்சியில் ஒரு வெண்கலச் சிங்கம் நின்றது. தலையில் முடி, ஒரு கையில் வாள், மற்றைக் கையில் ஏழு அம்புகள். ஒல்லாந்தக் குடியரசின் ஏழு மாகாணங்களுக்கு அடையாளமாகிய அச்சிங்கம் மேட்டின்மேல் நின்று பட்டினத்தையும் கடலையும் நோக்கியிருந்தது. அழைப்பு மணியோ தேவாலயத்தில் இல்லை. மேட்டின் அடியில் கேமன் கேற்றிலே தொங்கிற்று. கோட்டே நகரத்தில் போத்துக்கேயர் கோவிலொன்றின் இடிபாடுகளிடையே கிடந்து எடுத்துவரப்பட்ட மணி அது என்பர். கத்தோலிக்கரின் மணியே ஒல்லாந்தரைச் சீர்திருத்தச் சபை வழிபாட்டுக்கு அழைத்தது.

இத்தேவாலயம் யாருக்காகக் கட்டப்பட்டது? கும்பனி உத்தியோகத்தருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் என்பது முதல் விடை. ஆனால் அக்காலத்துக் கணக்கேடுகளைக் கொண்டு பார்த்தால், ஒல்லாந்தரைவிடப் பன்மடங்கு தொகையினரான தமிழரும் சிங்களவரும் அதே திருச்சபையின் உறுப்பினராகப் பதிவு பெற்றிருந்தனர். அப்பதிவு எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அறிந்தாலன்றி இத்தெருவின் வரலாறு விளங்காது.

ஒல்லாந்தர் ஊர்தோறும் பாடசாலை அமைத்தனர். அப்பாடசாலை எழுத்தறிவிக்கும் இடம் மட்டுமன்று. உபாத்தியாயர் பிள்ளைகளுக்கு ஞானவினாவிடை சொல்லிக்கொடுப்பார். ஞாயிறன்று ஊராரைக் கூட்டிச் செபம் வாசிப்பார். பிறப்பு, ஞானஸ்நானம், விவாகம் ஆகியவற்றைத் தோம்பிலே பதிவார். தோம்பு என்னும் சொல் போத்துக்கேயரிடமிருந்து வந்தது. கந்தோர் என்னும் சொல் ஒல்லாந்தரிடமிருந்து வந்தது. ஆட்சி மாறினும் பதிவேடும் அலுவலகமும் நம் வாழ்விலிருந்து அகலவில்லை என்பதற்கு இவ்விரு சொற்களே சாட்சி. பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாத பெற்றோருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. ஞானஸ்நானம் பெறாதவனுக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. தோம்பிற் பதியாத விவாகம் சட்டத்தின் கண்ணில் விவாகமாகாது. அதிற் பிறந்த பிள்ளை முதுசொத்தை உரிமை கோரும்போது இடர்ப்படும். நிலமும் பதவியும் வாரிசும் ஒரே ஏட்டோடு பிணிக்கப்பட்டிருந்தன. ஆகவே மக்கள் பெயர் கொடுத்தனர். கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து திருநீறு பூசினர். விகாரைக்குப் பூக் கொண்டு சென்றனர். கத்தோலிக்கராயிருந்தோர் மறைவிடங்களில் பூசை கண்டனர். ஒல்லாந்தக் குருமார் இதனை அறியாதவரல்லர். தம் அறிக்கைகளில் வருந்தி வருந்தி எழுதியவர்கள் அவர்களே.

கல்விப் பணியிற் பழகியவர் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திப்பர். ஒல்லாந்தப் பாடசாலை இந்நாட்டில் எழுத்தறிவைப் பரப்பியது உண்மை. வருகையைப் பதிவு செய்தல், ஆண்டுக்கொருமுறை பரிசோதகர் வருதல், உபாத்தியாயருக்குச் சம்பளம் வழங்குதல் ஆகியவற்றுக்கு அது முன்னோடி என்பதும் உண்மை. ஆயின் அங்கே உபாத்தியாயர் ஆசானாகவும் பதிவாளராகவும் கண்காணிப்பாளராகவும் ஒருங்கே இருந்தார். எழுதக் கற்றுக்கொடுத்த கையே தண்டப் பட்டியலையும் எழுதிற்று. அத்தகைய ஆசான்மீது பிள்ளைக்கு என்ன அன்பு பிறந்திருக்கும்?

1796ஆம் ஆண்டு பெப்ரவரியில் கொழும்பு ஆங்கிலேயர் வசமாயிற்று. உத்தியோகத்துக்கு ஞானஸ்நானம் வேண்டுமென்ற நிபந்தனை தளர்ந்தது. பாடசாலைகள் ஆதரவின்றிப் படிப்படியாக மங்கின. தோம்பிலே இலட்சக்கணக்கில் இருந்த கிறிஸ்தவர்களைத் தேடிய ஆங்கில மிசனரிமார் திகைப்படைந்தனர். எவரும் அவர்களைத் துன்புறுத்தவில்லை, எவரும் விலக்கவில்லை. ஏடு மூடப்பட்டது, மக்கள் தம் தம் கோவிலுக்கும் விகாரைக்கும் திரும்பினர். நூற்று நாற்பது ஆண்டு முயற்சி ஒரு தலைமுறைக்குள் கரைந்ததைக் கண்ட பின்னும், மனத்தை ஏட்டினாற் பிணிக்கலாமென்று கருதும் அரசுகள் உலகில் குறைந்தபாடில்லை.

இவ்வாறு கூறுவதால் ஒல்லாந்தர் காலத்துச் சமயப்பணி முழுவதும் வீணென்று கொள்ளலாகாது. வற்புறுத்தலின்றி, மொழியின் வழியாக நிகழ்ந்த பணி ஒன்று எஞ்சி நின்றது. அதனைச் செய்தவர் ஒரு தமிழர்.

பிலிப்பு தெ மெல்லோ 1723ஆம் ஆண்டு கொழும்பிலே பிறந்தவர். கொழும்புச் செமினரியிற் கற்று எபிரேயம், கிரேக்கம், இலத்தீன், போத்துக்கேயம், ஒல்லாந்தம் ஆகிய மொழிகளில் தேர்ச்சி பெற்றார்; தமிழிலக்கணத்திலும் செய்யுளிலும் ஆழ்ந்த பயிற்சி உடையவர். ஐரோப்பியருக்கே உரியதாயிருந்த குருத்துவப் பட்டத்தை ஒல்லாந்தர் திருச்சபையிற் பெற்ற முதல் தமிழர் அவர். தேவாலயத்தைப் புதுக்கக் கருதிய அதே வான் இம்ஹோவ்தான் கொழும்பில் அச்சுக்கூடத்துக்கும் வழி செய்தவர். கும்பனியின் படைக்கலத் தொழிலாளராகிய கபிரியேல் ஷாடே சிங்கள எழுத்துக்களை வார்த்தார், 1737 முதல் நூல்கள் வெளிவந்தன, தமிழெழுத்துக்களும் பின்தொடர்ந்தன. துப்பாக்கி செப்பனிட்ட கை அச்செழுத்து வார்த்தது! அந்த அச்சுக்கூடத்திலிருந்து, வுல்பெண்டால் தேவாலயம் திறக்கப்பட்ட இரண்டாம் ஆண்டில், 1759இல், தெ மெல்லோவின் உழைப்பு பொதிந்த தமிழ்ப் புதிய ஏற்பாடு வெளிவந்தது.

தெ மெல்லோ பின்னர் யாழ்ப்பாணஞ் சென்று அங்கே பணிபுரிந்து 1790ஆம் ஆண்டிற் காலமானார். அவருக்கும் கூழங்கைத் தம்பிரானுக்கும் இருந்த நட்பு தமிழிலக்கிய வரலாற்றில் மறக்கற்பாலதன்று. தம்பிரான் தமிழகத்துச் சைவ மடத்திலிருந்து ஈழம் போந்து, யாழ்ப்பாணத்தில் மாணாக்கர் பலருக்குத் தமிழ் கற்பித்த துறவி. அவர் விவிலியத்து யோசேப்பின் கதையை ‘யோசேப்பு புராணம்’ எனச் செய்யுளாக யாத்துத் தம் நண்பராகிய தெ மெல்லோவுக்கு உரிமையாக்கினார் என்று, சைமன் காசிச்செட்டி 1859இல் வெளியிட்ட ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் புலவர் சரித நூல் கூறுகிறது. தண்டமும் தோம்பும் ஒருபுறம் இயங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், காவியுடுத்த சைவத் துறவி ஒருவர் கிறிஸ்தவக் குருவுக்காகப் புராணம் பாடினார். அவரை எந்தத் தோம்பும் வற்புறுத்தவில்லை.

ஆங்கிலேயர் காலத்தில் தேவாலயத்துக்கு நேர்ந்தவற்றுள் இரண்டைச் சிறப்பாகக் கூறலாம். கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயம் பாழடைந்து கிடக்க, அங்கு அடக்கம் பெற்றிருந்த ஒல்லாந்தப் பெருமக்களின் எச்சங்களும் கல்லறைக் கற்களும் 1813ஆம் ஆண்டில் வுல்பெண்டாலுக்குக் கொண்டுவரப்பட்டன. குலச்சின்னங்களும் நீண்ட வாசகங்களும் ஆழச் செதுக்கிய அக்கற்கள் இப்போது தளத்திலும் சுவரிலும் பதிந்துள்ளன. அடுத்தது 1856இல் நிகழ்ந்தது. இடி விழுந்து கூரை சிதைந்தது; வெண்கலச் சிங்கமும் அதனோடு போயிற்று. ஒல்லாந்தர் ஆட்சி நீங்கி அறுபது ஆண்டு கழித்து, அவ்வாட்சியின் சின்னத்தை வானமே இறக்கிவிட்டது. கூரை பின்னர் வேறுவகையாக அமைக்கப்பட்டது; சிங்கத்தை மீண்டும் வைக்க எவரும் முனையவில்லை.

இதற்கிடையில் தெருவும் மாறிவந்தது. அயலிலுள்ள ஜிந்துப்பிட்டியில், தமிழ்க் கிறிஸ்தவர்களுக்காகத் தேசாதிபதி பிரவுண்றிக் காலத்தில் பரிசுத்த தோமையார் ஆலயம் எழுந்தது. பக்கத்துச் செட்டியார் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் வாணிபமும் அவர்களுடைய கதிரேசன் கோவில்களும் பெருகின. ஆடிவேல் விழாவில் தேர் புறப்படுவது அங்கிருந்தே. முஸ்லிம் வணிகர் கடைகள் மேட்டின் அடிவாரத்தை நிறைத்தன. தாழ்வாரமும் தூண்களும் கொண்ட வீடுகளில் வாழ்ந்த பறங்கியர், பட்டினத்தின் இரைச்சல் பெருகப் பெருகத் தெற்கே கொள்ளுப்பிட்டிக்கும் பம்பலப்பிட்டிக்கும் பெயர்ந்தனர். வீடுகள் பண்டகசாலைகளாயின. 1956இல் அரசகரும மொழிச் சட்டம் வந்த பின், ஆங்கிலத்தையே வீட்டு மொழியாகக் கொண்டிருந்த பறங்கியருட் பலர் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினர். முந்திய ஆட்சியின் மொழியால் மேனிலை பெற்றிருந்தோரைப் புதிய ஆட்சியின் மொழி வெளியேற்றியது. அச்சட்டம் தமிழருக்கு இழைத்தது யாதென்பதை இங்கே விரிக்க வேண்டுவதில்லை. ஆயிரம் பேருக்கென அமைத்த ஆலயத்தில் இருக்கைகள் வெறுமையாகத் தொடங்கின.

எனினும் ஞாயிற்று வழிபாடு நின்றுவிடவில்லை. தேவாலயத்தைச் சேர்ந்த பழைய பதிவேடுகளும் அழிந்துவிடவில்லை. ஞானஸ்நானம் பெற்ற பிள்ளையின் பெயர், தாய் தந்தையர் பெயர், சாட்சிகளின் பெயர் என ஒல்லாந்த எழுத்தில் வரிவரியாக அவை நீள்கின்றன. ஊர்ப் பாடசாலைகளின் தோம்புகள் பல தேசிய சுவடிகள் காப்பகத்தில் உள்ளன. மெல்பேணிலிருந்தும் பிற நகரங்களிலிருந்தும் வரும் பறங்கியர் வழித்தோன்றல்கள் தம் பாட்டனாரின் பாட்டனாரைத் தேடி அவ்வேடுகளைப் புரட்டுகின்றனர். ஊர்த் தோம்புகளின் பக்கங்களில், நெருக்கடிக்கு அஞ்சிப் பெயர் கொடுத்துவிட்டு வீடு திரும்பித் திருநீறு பூசியவர்களின் பெயர்களும் இருக்கின்றன. அவற்றைத் தேடி வருவோர் மிகச் சிலரே.